விரலுக்கு விழாத பேர்

அம்மாவின் போன் காலையில் விரலுக்குத் திறக்கும், சாயங்காலம் திறக்காது. முகத்துக்கு நேர்மாறு. விடியற்காலையில் எத்தனை தடவை முகத்தைக் காட்டினாலும் பூட்டு அசையாது. பத்து மணிக்கு மூட்டம் விலகினால் பட்டென்று திறந்துகொள்ளும். இதைக் கவனித்துச் சொன்னது நானல்ல, அம்மாதான். "ரெண்டும் மொற வச்சு வேல செய்யுது தம்பி. அந்தி நேரத்துக்கு மட்டும் ஆளில்ல" என்றார். கந்தப்பளை மலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்த கை அவருடையது.

முகமா, விரலா, எது நம்பகமானது? போன் வாங்கப் போகிற எல்லோரும் கேட்கிற கேள்விதான். பதில் சொல்கிறவர்களில் அநேகர் காய்ந்த கையோடு, நல்ல வெளிச்சத்தில், கூரைக்குக் கீழே உட்கார்ந்து சொல்கிறார்கள். நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகிற பாதையில், கடல் மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கு மேலே, பகலிலும் வாகன விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டிய எங்கள் ஊரில் அதே கேள்விக்கு வேறு பதில் வருகிறது.

விரலை முதலில் பார்ப்போம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து ஒடிக்க வேண்டும். இரண்டு கையும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ கேட்கிறார்கள். அந்தக் கொழுந்து முழுவதும் இந்த இரண்டு விரல்களின் சதையில் உரசித்தான் கூடைக்குப் போகிறது. ஒடிந்த காம்பிலிருந்து வரும் சாறு காற்றுப் பட்டதும் கறுக்கும். தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்து கறுத்துத் தேயிலையாவதும் அம்மாவின் விரல் வெடிப்புகள் கறுப்பதும் ஒரே வேதியியல்தான். சவர்க்காரத்துக்கு அந்தக் கறை போகாது. கல்யாண வீட்டுக்குப் போவதென்றால் முதல் நாள் ராத்திரியே தேசிக்காயை வெட்டித் தேய்த்துக்கொள்வார்கள். அப்படியும் நகக்கண்ணில் கொஞ்சம் நிற்கும்.

புது போனை வாங்கியதும் கடைக்காரப் பையன் பதியச் சொல்வது எந்த விரலை? பெருவிரலை. கூடுதலாக ஒன்று வேண்டுமென்றால் ஆட்காட்டி விரலை. ஐந்து ஐந்து பத்து விரலில், தேய்ந்துபோன அந்த நாலைத்தான் சாவியாகக் கேட்கிறது போன்.

கைரேகை என்பது தோலின் மேடும் பள்ளமும். விலை குறைந்த போன்களின் பக்கவாட்டுப் பொத்தானில் இருக்கும் உணரி, தோலின் மேடு தொடும் இடத்துக்கும் பள்ளத்தின் காற்று இடைவெளிக்கும் உள்ள மின்னேற்ற வித்தியாசத்தை அளந்து படம் வரைகிறது. கை ஈரமானால் பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். குளிரில் தோல் வறண்டாலோ காய்ப்பு ஏறினாலோ மேடே சரியாகத் தொடாது. திரைக்குக் கீழே உணரி வைத்த நடுத்தர விலைப் போன்கள் வேறு விதம்: திரையின் வெளிச்சத்தில் விரலைப் படம் பிடிக்கின்றன. அவற்றுக்குக் கறையும் வெடிப்பும் புதிய கோடுகளாகத் தெரியும். ஒலி அலையால் விரலைத் தடவிப் பார்க்கும் உணரி சாம்சங் கேலக்ஸி எஸ்10 போனில் 2019இல் வந்தது. ஈரத்தை அது ஓரளவு தாங்கும். ஆனால் திரைக்கு மேல் மலிவான ஜெல் உறை ஒன்றை ஒட்டினால் யாருடைய விரலுக்கும் திறக்கிறது என்று அதே ஆண்டில் தெரியவந்து, அந்த நிறுவனம் மென்பொருளைத் திருத்திக் கொடுக்க நேர்ந்தது. விலை கூடின பூட்டுக்கும் அசட்டுத்தனம் உண்டு.

கொழுந்துக் கை மட்டுமல்ல. கந்தப்பளை மரக்கறிக்கும் பேர்போன ஊர். கரட் கழுவுகிற பையன்களைப் பாருங்கள். ஐஸ் மாதிரி ஓடுகிற தண்ணீரில் மணிக்கணக்காக நின்று மூட்டை மூட்டையாகக் கழுவுகிறார்கள். தண்ணீரில் ஊறிய விரல் சுருங்குவது தோல் நீரை உறிஞ்சுவதால் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். உண்மையில் அது நரம்பின் வேலை. நரம்பு அறுந்த விரல் எவ்வளவு நேரம் ஊறினாலும் அப்படிச் சுருங்காது. காரணம் எதுவாக இருந்தாலும், லொறி வந்துவிட்டதா என்று கேட்க அவர்களில் ஒருவன் போனை எடுக்கிற நேரத்தில் அவனுடைய விரல் காலையில் பதிந்த விரல் அல்ல.

அப்படியானால் முகம்தானே என்பார்கள். முகம் தேயாது, ஊறாது. ஆனால் 'முகத்தால் திறப்பது' என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பூட்டுகளை விற்கிறார்கள் என்பதை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. ஆப்பிள் 2017இல் ஐபோன் எக்ஸோடு கொண்டுவந்த பூட்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் 30,000க்கு மேற்பட்ட புள்ளிகளை முகத்தில் தூவி, மூக்கின் உயரத்தையும் கண்குழியின் ஆழத்தையும் அளக்கிறது. அதற்கு இருட்டு ஒரு பொருட்டில்லை. வழியில் போகிற ஒருவருடைய முகத்துக்கு அது தவறித் திறக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று, பழைய விரல் பூட்டுக்கு 50,000இல் ஒன்று என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. இரட்டையர்களுக்கும், உருவ ஒற்றுமை உள்ள உடன்பிறப்புகளுக்கும், 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது என்று அந்த நிறுவனமே சேர்த்துச் சொல்லியிருக்கிறது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருக்கிற போன்கள் அந்த ரகமல்ல. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்தச் சம்பளத்தில், அதுவும் தவணைக்கு வாங்குகிற போனில் அகச்சிவப்பும் இல்லை, ஆழம் அளப்பதும் இல்லை. முன்பக்கக் கமராவால் ஒரு படம் எடுத்து, பதிந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். நெதர்லாந்தின் நுகர்வோர் சங்கம் 110 போன்களைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டது. உரிமையாளரின் புகைப்படத்தைக் காட்டினாலே திறந்துகொண்டவை 42. எங்கள் வீட்டில் புகைப்படம்கூடத் தேவைப்படவில்லை. சித்தி ஒரு நாள் மணி பார்க்க எடுத்தபோது அம்மாவின் போன் சித்தியின் முகத்துக்கே திறந்தது. "அக்கா தங்கச்சிய அது பிரிச்சுப் பாக்கல, நம்ம தாத்தா மாதிரி" என்று சித்தி சந்தோஷப்பட்டார். அம்மாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

உரியவருக்கு மட்டும் அது திறப்பதில்லை. விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்துக்குப் போகிற நேரம். வெளிச்சம் சரியாக வந்திருக்காது. தலையில் கம்பளித் தொப்பி, அதற்கு மேல் துவாய், மழையென்றால் அதற்கு மேல் ஒரு பொலித்தீன். கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே. போன் பார்க்கிறது, யாரென்று தெரியவில்லை என்கிறது. பக்கத்து லாம்பு வெளிச்சத்துக்குப் போய் நின்று, தொப்பியைக் கழற்றி, தலையைக் குளிரில் காட்டினால் ஒருவேளை திறக்கும். அதற்குள் பிரட்டு முடிந்துவிடும்.

முகம் பார்க்கிற மென்பொருள் எல்லா முகத்தையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்பதும் பழைய செய்திதான். ஜாய் பூலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆணா பெண்ணா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வணிக மென்பொருள்கள் கருந்தோல் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை பிழை செய்தன. வெண்தோல் ஆண்களிடம் மிகக் கூடியதே 0.8 சதவீதம். அது போன் பூட்டைப் பற்றிய ஆய்வு அல்ல. மென்பொருள்களும் அதன் பிறகு எவ்வளவோ திருந்திவிட்டன. ஆனாலும் அந்தச் சோதனையில் கடைசி வரிசையில் நின்றது கருந்தோல் பெண்ணின் முகம். கொழுந்து மலையில் நிற்பதும் அதே முகம்தான்.

ஆண்ட்ராய்ட் இந்த வித்தியாசத்தை அறிந்து வைத்திருக்கிறது. உடலடையாளப் பூட்டுகளை அது மூன்று தரமாகப் பிரித்திருக்கிறது. கமராவால் மட்டும் பார்க்கும் முகப்பூட்டு பெரும்பாலும் கடைசித் தரத்தில் விழும். போனைத் திறக்கலாம், வங்கிச் செயலியைத் திறக்க முடியாது. அங்கே விரலைத்தான் கேட்கும். அம்மா வங்கிக் கணக்கைப் பார்ப்பது எப்போது? மலையிலிருந்து இறங்கி, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பிறகு, விரல் மிக மோசமாக இருக்கும் அந்த அந்தி நேரத்தில். ஆளில்லாத முறை அதுதான்.

ஆகவே என் தீர்ப்பு: எங்கள் மலையில் இரண்டும் அரை ஆள் வேலைதான் செய்கின்றன. பணம் இருக்கிற போனுக்கு முகப்பூட்டை நிறுத்திவிடுவது நல்லது. விரலை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பெருவிரலை அல்ல. அம்மாவுக்கு இப்போது இடதுகை மோதிரவிரலைப் பதிந்து கொடுத்திருக்கிறேன். கொழுந்து கிள்ளும்போது அது மற்ற விரல்களை விடக் குறைவாகவே உரசுகிறது, ரேகை இன்னும் துலக்கமாக இருக்கிறது. அதையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து பதியவில்லை. வேலை நாளில், மலையிலிருந்து இறங்கியதும், கறையும் வெடிப்புமாக இருந்தபடியே ஒரு தடவை. ராத்திரி கை காய்ந்த பிறகு அதே விரலையே வேறொரு விரல் போல இன்னொரு தடவை. போனுக்கு இரண்டு விரல், அம்மாவுக்கு ஒன்று. தினமும் தொல்லை கொடுத்தது இப்போது வாரத்தில் ஓரிரு நாளோடு நிற்கிறது. மழைக்காலம் தொடங்கும்போது திரும்பப் பதிய வேண்டும்.

இவ்வளவுக்கும் பின்னால் உண்மையான பூட்டு இலக்கம்தான். போனை அணைத்துப் போட்டாலும், விரல் ஐந்து தடவை பிழைத்தாலும், கடைசியில் அது கேட்பது இலக்கத்தை. அந்த இலக்கம் பிள்ளையின் பிறந்த ஆண்டாக இருந்தால் விரலைப் பற்றியும் முகத்தைப் பற்றியும் இவ்வளவு பேசியது வீண்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் போன் ஒரு ஆளுக்குச் சொந்தமானதல்ல. அம்மாவின் போனைத் திறந்து பார்த்தால் பதிந்த விரல்களில் ஒன்று அப்பாவுடையது, ஒன்று தங்கச்சியுடையது, மற்றது அக்கா மகன் விளையாட்டுக்காகத் தானே பதிந்துகொண்டது. வங்கிச் செயலிக்கு அம்மாவோடு சேர்த்து இந்த நான்கு பேரும் ஒரே ஆள்தான். விரல் பூட்டு தூங்குகிறவரையும் ஒன்றும் கேட்காது. 2017 நவம்பரில் தோஹாவிலிருந்து பாலிக்குப் பறந்த கட்டார் ஏர்வேய்ஸ் விமானத்தில், தூங்கிக்கொண்டிருந்த கணவனின் விரலை எடுத்து அவருடைய போனில் வைத்துத் திறந்துவிட்டார் மனைவி. உள்ளே கண்டதில் வந்த சண்டையை அடக்க முடியாமல் விமானத்தைச் சென்னையில் இறக்கி அந்தக் குடும்பத்தை விட்டுவிட்டுப் போனார்கள். விரல் பூட்டு அன்றைக்கு ஒரு பிழையும் செய்யவில்லை. சரியான விரலுக்குத்தான் திறந்தது.

போன் திறக்காவிட்டால் போவது அரை நிமிடம். விரலைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வைக்கலாம், இலக்கத்தைத் தட்டலாம். நான் இவ்வளவு நீட்டி எழுதுவது அந்த அரை நிமிடத்துக்காக அல்ல. அதே உணரி ஓர் அலுவலக மேசையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்காக.

எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். செக்ரோல் என்ற வரவேட்டில் பேர் விழுந்தால் சம்பளம். கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்'. 'இந்த மாசம் எத்தன பேரு?' என்று கேட்டால் ஆட்களை எண்ணுவதாக வெளியூர்க்காரர் நினைப்பார். கேட்பது எத்தனை நாள் சம்பளம் என்று. சித்தி ஒரு தேவைக்காக ஓர் அலுவலகத்துக்கு விரலடையாளம் கொடுக்கப் போனார். பெருவிரல் விழவில்லை. ஈரத்துணியால் துடைத்து வைத்தார்கள், விழவில்லை. அழுத்திப் பிடித்தார்கள், அப்போதும் விழவில்லை. மேசையில் இருந்தவர் கெட்டவரல்ல. நல்ல யோசனை என்று நினைத்துத்தான் சொன்னார்: "ஒரு கிழமை மலைக்குப் போகாம, கைக்கு எண்ணெய் பூசிட்டு வாங்க." ஒரு கிழமை என்றால் ஆறு பேர். அன்றைக்கு அங்கே வந்ததற்கு ஏற்கெனவே ஒன்று போயிருந்தது.

இந்தியா இந்தப் பாதையில் நமக்கு முன்னால் போன நாடு. ஆதார் என்ற அடையாள எண்ணை 2010இல் கொடுக்கத் தொடங்கியது. ரேஷன் கடையில் விரலை வைத்தால்தான் அரிசி என்று பல மாநிலங்களில் ஆனது. இந்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே ஆதார் சரிபார்ப்பு தவறும் அளவை ஜார்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம், குஜராத்தில் 6 சதவீதம், ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்தில் 5 சதவீதம் என்று மதிப்பிட்டது. ஒரே அட்டை, ஒரே நாடு. ஓரிடத்தில் இருபதில் ஒரு தடவை தவறுகிறது, இன்னோரிடத்தில் இரண்டில் ஒரு தடவை. வலையமைப்பும் இயந்திரமும் பாதிக் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். மீதியை விரல்கள்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் ரேஷன் கடைகளுக்கு விரல் இயந்திரம் 2020 அக்டோபரில் வந்தது. 'ரேகை விழலம்மா, கையைத் தொடச்சுட்டு வைங்க' என்பது அங்கே அன்றாடப் பேச்சாகி, பிறகு கருவிழி பார்க்கும் கருவியும் சேர்ந்தது.

நமக்கும் அது வருகிறது. தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்காக இலங்கையும் இந்தியாவும் 2022 மார்ச்சில் உடன்படிக்கை செய்தன. பணம் இந்தியாவின் நன்கொடை. முற்பணமாக 45 கோடி இந்திய ரூபாய் 2023 ஆகஸ்டில் கைமாறியது. முகம், கருவிழி, கைரேகை மூன்றையும் எடுப்பது திட்டம். மூன்று எடுப்பதில் ஒரு நன்மை இருக்கிறது: ஒன்று தவறினால் மற்றது. கடைசியில் எந்த மேசையில் எதைக் கேட்பார்கள் என்பதுதான் விஷயம். மலிவான இயந்திரம் விரல் இயந்திரம்தான் என்பதால், கிராம சேவகர் அலுவலகத்துக்கும் தபாற்கந்தோருக்கும் அதுவே வந்து சேரும் என்பது என் பயம். போனில் பதிந்த விரல் போனுக்குள்ளேயே ஒரு சில்லில் கிடக்கும். போனை உடைத்தெறிந்தால் அதோடு அது முடிந்தது. அரசு எடுக்கிற விரல் ஒரே களஞ்சியத்தில் லட்சக்கணக்கானோருடையதோடு சேர்ந்து கிடக்கும். கசிந்தால் இலக்கத்தை மாற்றுவது போல விரலை மாற்ற முடியாது. உடலடையாளத் தரவைத் தனிப்பட்ட கவனத்துக்குரியது என்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகைப்படுத்தியிருக்கிறது. நல்லது. விரல் விழாதவர் என்ன செய்வது என்று திட்டத்தின் விதிகள் சொல்லட்டும்.

மலையக மக்களுக்கு அடையாளம் என்ற சொல்லே லேசானதல்ல. 1901இல் வந்த ஏற்பாட்டின்படி, தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரச் சீட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். கடனைத் தீர்த்துத் 'துண்டு' வாங்கினால்தான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம் என்பது 1921 வரை சட்டத்தின் துணையோடு நடந்தது. 1948இல் குடியுரிமை போனது. அடுத்த ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதைக் கேட்டு விண்ணப்பித்தவர்களிடம், இங்கேதான் இருந்தாய் என்பதற்குத் தாள் கேட்டார்கள். தாள் இல்லாதவர்களும், தாள் இருந்தும் பொருத்தம் காணாதவர்களும் வெறுங்கையோடு திரும்பினார்கள். நாடற்றவர்கள் என்ற பட்டம் முழுவதுமாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை பொறுக்க வேண்டியிருந்தது.

அந்த விண்ணப்பங்களில் எத்தனையோ கைநாட்டுகள். எழுதத் தெரியாதவரை இன்றைக்கும் 'கைநாட்டு' என்று ஏளனமாகச் சொல்கிறோம். கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லோரும் இப்போது ஒரு நாளைக்கு நூறு தடவை போனில் கைநாட்டு வைக்கிறார்கள், அதைத் தொழில்நுட்பம் என்கிறார்கள். விரல் ரேகையால் ஆளை அறியும் முறையே நம் பக்கத்தில் முளைத்ததுதான். வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் 1858இல் ஓர் ஒப்பந்தக்காரரின் கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் மேல் பதிய வைத்தார். ரேகைகளை வகைபிரித்துத் தேடும் முறை பிரித்தானியப் பொலிஸ் அதிகாரி ஹென்றியின் பெயரால் உலகம் சுற்றியது. அதற்கு அடித்தளம் போட்டவர்களில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளப் பொலிஸ்காரர்களும் உண்டு. எழுத்தை நம்ப முடியாது, கையை நம்பலாம் என்று தொடங்கிய கதை. உழைத்துத் தேய்ந்த கையை என்ன செய்வது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

புதிய அடையாளத் திட்டத்துக்கு இயந்திரம் வாங்குவதற்கு முன் சோதனை வைப்பார்கள். கொழும்பில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஊழியர்களை வரிசையாக நிறுத்தி விரல் வைக்கச் சொல்லி, தொண்ணூற்றொன்பது சதவீதம் என்று அறிக்கை எழுதுவது சுலபம். நான் கேட்பது ஒரே ஒரு நாள். நவம்பர் மழையில், சாயங்காலம் நாலு மணிக்கு, கந்தப்பளையில் ஏதாவதொரு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலில் அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து வையுங்கள். கூடையை இறக்கி, நிறுவையைக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் வருகிற பெண்களிடம் விரலைக் கேளுங்கள். கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லாதீர்கள்.